‘எல்லாம் நார்மல்’ என்று எழுதும் முன்: எம்.எஸ். உள்ளவர்களின் சிந்தனைத் திறனை அளப்பதில் நடக்கும் தவறுகள்

போன வருடம் ஒரு பெண் வந்து என் முன்னால் உட்கார்ந்தார். வயது 34, வங்கியில் வேலை, மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் (எம்.எஸ்.) என்ற நரம்பு நோய் இருப்பது தெரிந்து ஐந்து வருடம் ஆகிறது. நடை நன்றாக இருக்கிறது, கையில் நடுக்கம் இல்லை, பார்ப்பவர்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. ஆனால் கவுண்டரில் ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போன் அடித்தால் எந்த வேலையைப் பாதியில் விட்டோம் என்பதே நினைவில் இல்லை, முன்பெல்லாம் பத்து நிமிடத்தில் முடித்த கணக்கு இப்போது முக்கால் மணி நேரம் இழுக்கிறது. இதை ஓர் இடத்தில் போய்ச் சொன்னபோது கைக்கடிகாரத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டிருக்கிறார்கள், இன்று என்ன தேதி, இது எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார்கள், மூன்று சொற்களைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். 30க்கு 29. “ஒன்றும் இல்லம்மா, டென்ஷன்தான்” என்று அனுப்பிவிட்டார்கள். அந்தத் தாளை நாலாக மடித்து ஹேண்ட்பேக்கில் வைத்திருந்தார். “அப்போ நான்தான் கற்பனை பண்றேனா மேடம்?” என்று கேட்டார்.

இல்லை. அவரை அளந்த கருவிதான் தப்பு. நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற முதல் தவறு இது.

எம்.எம்.எஸ்.இ. என்ற அந்த 30 மதிப்பெண் தேர்வு 1975இல் வந்தது. டிமென்ஷியா மாதிரியான நிலைகளில் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து சட்டென்று ஒரு மதிப்பீடு செய்ய உதவும், அதற்கு அது நல்ல கருவிதான். ஆனால் அதில் ஸ்டாப்வாட்ச் கிடையாது. எம்.எஸ். என்ன செய்கிறது? நரம்பு இழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையைச் சிதைக்கிறது, சில இடங்களில் இழையே அறுந்துபோகிறது, மூளையின் உள்ளே இருக்கும் தலாமஸ் போன்ற பகுதிகள் சுருங்குகின்றன, அதனால் மூளைக்குள் ஒரு செய்தி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்ச் சேர நேரமாகிறது. பேச்சும் பொது அறிவும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். விடை தெரியும், வந்து சேரத் தாமதமாகும். நேரமே பார்க்காத தேர்வில் இப்படிப்பட்டவருக்கு 29 கிடைப்பதில் என்ன ஆச்சரியம்? மோகா என்று இன்னொரு 30 மதிப்பெண் தேர்வு இருக்கிறது, அது இதைவிடப் பரவாயில்லை, ஆனாலும் வேகத்தை அளக்க அதை மட்டும் நம்பக் கூடாது.

நடையைப் பார்த்து மூளையை மதிப்பிடுவதும் இதே மாதிரி ஒரு தவறு. எம்.எஸ். மருத்துவத்தில் உடல் ஊனத்தை அளக்க எல்லோரும் பயன்படுத்தும் இ.டி.எஸ்.எஸ். அளவுகோல் 0 முதல் 10 வரை போகும், அதில் 4ஐத் தாண்டிவிட்டால் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்பதுதான் பெரிதாகப் பேசும். அதில் 1 வாங்கியவர் வேலையை விடும் நிலைக்கு வந்திருக்கலாம், சக்கர நாற்காலியில் இருப்பவர் குடும்பத்தின் மொத்தக் கணக்கையும் தெளிவாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸில் நரம்பியல் மருத்துவர் ஷார்கோ, இந்த நோயாளிகளுக்கு நினைவு மங்குகிறது, எண்ணங்கள் மெதுவாக உருவாகின்றன என்று எழுதிவைத்தார். 1991இல் அமெரிக்காவில் ஸ்டீஃபன் ராவும் அவர் குழுவும் எம்.எஸ். உள்ள 100 பேரையும் ஆரோக்கியமான 100 பேரையும் ஒரே தேர்வுகளால் அளந்து பார்த்தார்கள். முதல் குழுவில் 48 பேருக்குக் குறைபாடு தெரிந்தது. இரண்டாவது குழுவிலும் 5 பேர் அதே வரம்புக்குள் விழுந்தார்கள். இந்த 5ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, எதை வைத்து அளப்பது? நேரம் குறைவாக இருந்தால் எஸ்.டி.எம்.டி. என்ற தேர்வு போதும். அதன் தாளின் மேலே 9 குறிகள், ஒவ்வொன்றுக்கும் கீழே 1 முதல் 9 வரை ஓர் எண். அதற்குக் கீழே வரிசை வரிசையாக வெறும் குறிகள். குறியைப் பார்த்து அதற்கான எண்ணைச் சொல்லிக்கொண்டே போக வேண்டும், 90 வினாடியில் எத்தனை சரி என்பதுதான் மதிப்பெண். அந்த வங்கிப் பெண் இதைச் செய்தபோது ஒன்றுகூடத் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு குறிக்கும் கண் மேலே போய்த் தேடிவிட்டுத்தான் இறங்கியது. வழக்கமாக இரண்டு மூன்று வரிசை முடிவதற்குள் நாலைந்து குறிகளாவது மனதில் ஒட்டிக்கொள்ளும், மேலே பார்க்காமலே வாய் சொல்லிவிடும். அவருக்குக் கடைசி வரை எதுவும் ஒட்டவில்லை. வாட்ச் நின்றபோது அவர் வயதுக்கும் படிப்புக்கும் எதிர்பார்ப்பதைவிட மிகவும் பின்னால் இருந்தார். அழுதார். ஆனால் வந்ததிலிருந்து இல்லாத ஒரு நிம்மதி அந்த முகத்தில் தெரிந்தது, இதைச் சொல்லாமல் என்னால் இந்தப் பத்தியைத் தாண்ட முடியவில்லை.

கருவி சரியாக இருந்தாலும் பயன்படுத்துவதில் தவறலாம். எம்.எஸ். உள்ளவரை எழுதச் சொல்லி அளந்தால் கையின் வேகம்தான் பதிவாகும், அதனால் வாய்மொழியாகச் சொல்லவைக்கும் முறையே நல்லது. நாக்குக் குழறுகிறவருக்கு அதுவும் பாதகம்தான், அதைக் குறிப்பில் எழுதிவிட வேண்டும். அப்புறம் கண். கண் நரம்பு அழற்சி வந்துபோனவர்கள் நிறையப் பேர், வெளிறிய ஜெராக்ஸ் தாளில் குறிகள் அவர்களுக்குக் கலங்கலாகத் தெரியும். முதலில் அருகில் இருப்பதைப் படிக்கும் பார்வையைச் சோதித்துவிட்டு, கண்ணாடியை மறக்காமல் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். ‘மூக்குக் கண்ணாடி வீட்டில் இருக்கு, பரவாயில்லை’ என்று அவர்கள் சொன்னால் பரவாயில்லை என்று நாம் விடக் கூடாது.

நம் ஊரில் இன்னொன்று இருக்கிறது. எண்களை எந்த மொழியில் சொல்கிறார்கள்? ‘ஒன்பது’ என்று சொல்ல ஆகும் நேரமும் ‘நைன்’ என்று சொல்ல ஆகும் நேரமும் ஒன்றா? போன் நம்பரை ஆங்கிலத்திலும் பால் கணக்கைத் தமிழிலும் சொல்லிப் பழகியவர்கள் நாம், பாதியில் மாறுவதும் உண்டு. எது இயல்பாக வருகிறதோ அதிலேயே சொல்லட்டும், ஆனால் எந்த மொழி என்று தாளில் எழுதுங்கள், அடுத்த வருடமும் அதே மொழியில் எடுங்கள். போன தடவை ஆங்கிலம், இந்தத் தடவை தமிழ் என்று இருந்தால் வருகிற வித்தியாசத்தில் மொழிக்கு எவ்வளவு, நோய்க்கு எவ்வளவு என்று யாராலும் பிரிக்க முடியாது.

சொல் பட்டியல் தேர்வில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. 2012இல் ஒரு சர்வதேச நிபுணர் குழு பிகாம்ஸ் என்று 15 நிமிடத் தொகுப்பு ஒன்றைப் பரிந்துரைத்தது: எஸ்.டி.எம்.டி., 16 சொற்களை ஐந்து முறை படித்துக்காட்டி ஒவ்வொரு முறையும் திருப்பிச் சொல்லவைக்கும் ஒரு தேர்வு, 6 உருவங்களைப் பத்து வினாடி காட்டிவிட்டு வரையச் சொல்லும் ஒரு தேர்வு. நல்ல தொகுப்பு. ஆனால் ஆங்கிலப் பட்டியலை மேஜையிலேயே உட்கார்ந்து மொழிபெயர்த்து வாசித்துவிட்டு ஆரோக்கியமான அமெரிக்கர்கள் எடுத்த மதிப்பெண்களின் அட்டவணையில் அந்த மதிப்பெண்ணைத் தேடினால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. சொல்லின் நீளம், எவ்வளவு பழகிய சொல், எதோடு சேர்த்து நினைவில் வைப்பார்கள் என்பதெல்லாம் மொழிக்கு மொழி மாறும். இதனால்தான் ஒவ்வொரு நாட்டிலும் குறைந்தது 65 ஆரோக்கியமானவர்களிடம் எடுத்துப் பார்த்துச் சொந்த அட்டவணை உண்டாக்கச் சொன்னது அந்தக் குழு. எட்டாவதோடு நின்ற 55 வயதுக்காரரையும் எம்.டெக். முடித்த 26 வயதுக்காரரையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்ப்பது அநியாயம். அதன் மறுபக்கமும் உண்டு: நிறையப் படித்தவர், தலை முழுக்க வேலை பார்த்தவர், தன் பழைய நிலையிலிருந்து நன்றாகவே கீழே இறங்கியிருப்பார், ஆனாலும் அட்டவணையில் ‘சராசரி’ என்றுதான் வரும்.

எந்த நாளில் அளக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். ரிலாப்ஸ், அதாவது நோய் திடீரென்று மறுபடி தலைதூக்கும் கட்டம், நடக்கும்போது வேண்டாம். ஸ்டீராய்டு ஊசி போட்ட கையோடு வேண்டவே வேண்டாம், அதிக அளவு மீத்தைல்பிரெட்னிசலோன் நினைவைக் கொஞ்ச நாளைக்கு மந்தமாக்கும், ஒரு மாதமாவது போகட்டும். காலையில் எம்.ஆர்.ஐ., அப்புறம் ரத்தப் பரிசோதனை, அப்புறம் மூன்று மணி நேரம் வரிசை, கடைசியாக நம் அறை என்று வந்தால் களைப்பின் அளவுதான் கிடைக்கும். மே மாத வெயிலில் பஸ் மாறி வந்தவரை உடனே உட்காரவைத்துத் தேர்வு ஆரம்பிப்பதும் தப்பு. உடம்பு சூடேறினால் எம்.எஸ். அறிகுறிகள் கூடும் என்பது 19ஆம் நூற்றாண்டுக் கண் மருத்துவர் ஊத்தாஃப் காலத்திலிருந்தே தெரிந்தது. மின்விசிறிக்குக் கீழே அரை மணி நேரம், ஒரு சொம்புத் தண்ணீர், அதன் பிறகு தாளை எடுங்கள். மாத்திரைப் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள்: சிறுநீர்த் தொந்தரவுக்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின், தசை இறுக்கத்துக்கு பேக்லோஃபென், வலிக்கு கபாபென்டின், தூக்க மாத்திரை, எல்லாமே மூளையை மந்தப்படுத்தக் கூடியவை.

நோயாளி சொல்வதை மட்டும் வைத்து முடிவு செய்வதும் தவறு, அதைக் கேட்காமல் விடுவதும் தவறு. ‘மறதி அதிகமாகிவிட்டது’ என்ற புகார் பல சமயம் மனச்சோர்வோடுதான் அதிகம் பொருந்துகிறது, எம்.எஸ். உள்ளவர்களில் மனச்சோர்வு மிகச் சாதாரணம். அதற்காகப் புகாரை ஒதுக்கிவிட முடியாது, மனச்சோர்வும் வைத்தியம் பார்க்க வேண்டிய நோய்தான், அதையும் அளக்க வேண்டும். இன்னொரு பக்கம், தனக்கு ஒன்றுமே இல்லை என்று சாதிப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டில் கேட்டால் கதை வேறு. கணவரிடமோ அக்காவிடமோ தனியாகக் கேளுங்கள். தேர்வு நடக்கும் அறையில் அவர்கள் வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து உதட்டசைவில் விடை எடுத்துக்கொடுக்கும் பாசக்காரர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

வீட்டிலிருந்து வருபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தயவுசெய்து இந்தத் தேர்வுகளை இணையத்தில் தேடிப் பயிற்சி எடுத்துவிட்டு வராதீர்கள். பயத்தில்தான் செய்கிறீர்கள், புரிகிறது. ஆனால் பழகிய தாளில் மதிப்பெண் ஏறும், இறங்கிக்கொண்டிருக்கும் திறன் அந்த ஏற்றத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். தேர்வு எடுப்பவர்களும் ஒவ்வொரு முறையும் ஒரே தாளை நீட்டாமல் மாற்றுப் படிவங்கள் இருந்தால் அதை எடுக்க வேண்டும். பாசாட் என்ற எண் கூட்டும் தேர்வில் இதைவிட மோசம். மூன்று வினாடிக்கு ஓர் எண் ஒலிக்கும், அதை அதற்கு முந்திய எண்ணோடு கூட்டிச் சொல்ல வேண்டும், மொத்தம் 60 விடைகள். கடினமாக இருப்பதால் ஒன்றைக் கூட்டிவிட்டு அடுத்ததை விட்டுவிடும் தந்திரத்தைப் பலர் தாங்களாகவே கண்டுபிடித்துவிடுகிறார்கள், மதிப்பெண் சுமாராக வந்துவிடும், அளக்க நினைத்தது அளக்கப்படாமலே போகும். பாதியில் எழுந்துபோனவர்களும் உண்டு. நான் அதை விட்டு ரொம்ப நாளாகிறது.

இப்போது அந்த 5 பேருக்கு வருவோம். ஆரோக்கியமானவர்களிலேயே சிலர் குறைவாக எடுப்பார்கள் என்றால், ஒரே ஒரு தேர்வில் ஒரே ஒரு நாள் வந்த குறைவான எண்ணை வைத்து ஒருவர் மேல் முத்திரை குத்தக் கூடாது. எஸ்.டி.எம்.டி.யில் 4 புள்ளி இறங்கினால் கவனிக்க வேண்டும் என்று ஆய்வுகள் சொல்கின்றன, அந்த இறக்கம் வேலை இழப்போடு சேர்ந்து வந்திருக்கிறது. ஆனால் தனி ஒருவருக்குத் தூக்கம் கெட்டாலே அவ்வளவு ஆடும். இறங்கியிருந்தால் தூக்கம், தைராய்டு, பி12, புது மாத்திரை எல்லாம் பார்த்துவிட்டு மறுபடி எடுங்கள், அப்போதும் இறங்கியிருந்தால் முழுத் தொகுப்புக்கு அனுப்புங்கள், நியூராலஜிஸ்டிடம் பேசுங்கள். நினைவும் கவனமும் மட்டும் சரிகிற ரிலாப்ஸும் உண்டு.

இப்படி ஒப்பிட முதல் அளவு ஒன்று கையில் இருக்க வேண்டுமே? அமெரிக்காவின் தேசிய எம்.எஸ். சொசைட்டி ஆதரவில் 2018இல் வந்த பரிந்துரை இதைத்தான் சொல்கிறது: நோய் தெரிந்து உடல்நிலை நிதானமாக இருக்கும்போதே ஒரு முறை அளந்து வையுங்கள், பிறகு வருடத்துக்கு ஒரு முறை. அந்த வங்கிப் பெண்ணுக்கு ஐந்து வருடத்தில் ஒன்றுகூட இல்லை. எங்கிருந்து இறங்கினார் என்று சொல்ல என்னிடம் எண்ணே இல்லை, அவர் பழைய வேலையைப் பற்றிச் சொன்னதை வைத்துத்தான் எழுதினேன்.

அவருடைய தாளில் இப்போது இவ்வளவும் இருக்கிறது: தேதி, காலை 10 மணி, தமிழில் எண், கண்ணாடி போட்டிருந்தார், வாய்மொழி, முதல் படிவம், ஓடும் மாத்திரைகள், முந்திய இரவுத் தூக்கம், மதிப்பெண், எந்த அட்டவணையோடு ஒப்பிட்டது. அலுவலகத்துக்கு ஒரு கடிதமும் கொடுத்தேன், கவுண்டரிலிருந்து போன் அடிக்காத உள்மேஜைக்கு மாற்றியிருக்கிறார்கள். அடுத்த மார்ச்சில், அதே 10 மணிக்கு, இரண்டாவது படிவத்தோடு வரச் சொல்லியிருக்கிறேன்.