பர்மியச் சோற்றுக்கடையில் சாப்பிடுவது எப்படி

யாங்கோனிலோ மண்டலேயிலோ ஒரு குடும்பமே சமைத்து, பரிமாறி, பணம் வாங்கும் சின்னக் கடைக்கு 'தமின் சைங்' என்று பெயர். தமின் என்றால் சோறு, சைங் என்றால் கடை. இங்கே பெரும்பாலும் மெனு அட்டை இருக்காது. குழம்புகள் வாசலருகே சட்டிகளிலும் தட்டுகளிலும் வரிசையாக இருக்கும். பார்த்து, கைகாட்டிச் சொல்ல வேண்டும். முதல்முறை போகிறவர்கள் சட்டிகளைப் பார்த்ததும் ஆசைப்பட்டு நாலு இறைச்சிக் குழம்பு வாங்கிவிடுகிறார்கள். அப்புறம் எண்ணெய் திகட்டி, 'பர்மியச் சாப்பாடு ஒரே எண்ணெய்' என்று எழுந்து போகிறார்கள். இந்தச் சாப்பாட்டில் குழம்பு ஒரு பங்குதான். கூடவே வரும் புளிப்பு சூப்பும், பச்சைக் கீரையும், மீன் துவையலும் சேர்ந்தால்தான் அது முழுச் சாப்பாடு.

எப்போது போவது

காலை 11 மணிக்கும் மதியம் 12.30-க்கும் நடுவே போங்கள். குழம்புகள் எல்லாம் விடியற்காலையில் சமைத்தவை. பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் நல்லவை தீர்ந்திருக்கும். இரவில் மிச்சம்தான் கிடைக்கும்.

சோறு ஆவி பறக்க வரும், குழம்பு வெதுவெதுப்பாகவோ ஆறியோ இருக்கும். இது கடைக்காரரின் அலட்சியம் என்று நினைக்க வேண்டாம், வழக்கமே அதுதான். வெங்காயம், பூண்டு, இஞ்சி, மஞ்சள், மிளகாய்த்தூள் ஆகியவற்றை எண்ணெயில் வதக்கி, இறைச்சியைப் போட்டு, நீரெல்லாம் வற்றி எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை வேகவிடுவார்கள். இந்தப் பக்குவத்துக்கு 'சீப்யான்' என்று பெயர். எண்ணெய் திரும்பி வந்தது என்று பொருள். நீர் வற்றியதாலும் மேலே எண்ணெய் ஏடு போல மூடியிருப்பதாலும் அரை நாள் தாங்கும். ஆனால் மீனுக்கும் இறாலுக்கும் அந்த நம்பிக்கையை நீட்ட வேண்டாம். அவற்றை மதியத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சட்டிகள் மூடியோ வலையோ போட்டிருக்கின்றனவா, உள்ளூர்க்காரர்கள் வந்துபோய்க்கொண்டிருக்கிறார்களா என்று பார்ப்பது எந்த விமர்சனத்தைப் படிப்பதையும்விட நம்பகமானது.

கூப்பிடுவதும் கேட்பதும்

சட்டிகளுக்குப் பின்னால் நிற்கும் பெண்மணிதான் பெரும்பாலும் கடையின் எஜமானி. நம்மைப் போலவே அங்கேயும் முறை சொல்லித்தான் கூப்பிடுவார்கள். உங்களைவிடக் கொஞ்சம் மூத்தவர் என்றால் 'அமா'. நம் காதுக்கு அம்மா போலக் கேட்டாலும் அது அக்காதான். அம்மா வயதுடையவரை 'அடோ' என்றும், அந்த வயது ஆணை 'ஊலே' என்றும், அண்ணன் வயதுக்காரரை 'அகோ' என்றும் அழைக்கலாம். வாக்கியத்தின் முடிவில் ஆண்கள் 'கம்யா', பெண்கள் 'ஷின்' என்று சேர்த்தால் மரியாதை. அந்த ஒரு சொல்லுக்கே முகம் மலர்ந்துவிடும்.

'பா ஹின் யா லே' என்றால் 'என்ன குழம்பு இருக்கிறது' என்று பொருள். பதிலில் வரும் பெயர்கள்: சேட்-தா கோழி, வெத்-தா பன்றி, செயிட்-தா ஆடு, அமே-தா மாடு, ங்கா மீன், பஸூன் இறால். உழவுக்கு உதவும் விலங்கு என்று மாட்டிறைச்சியைத் தவிர்க்கும் பௌத்தர்கள் பலர் இருப்பதால் பல கடைகளில் அமே-தா இருக்காது. பன்றி அநேகமாக எல்லாப் பௌத்தர் கடைகளிலும் உண்டு. அதே கரண்டி எல்லாச் சட்டிக்கும் போகும். ஹலால் தேவைப்படுவோர் முஸ்லிம் குடும்பங்கள் நடத்தும் கடைக்குப் போவதே சரி.

அளவு: தனியாகப் போனால் ஒரு குழம்பு போதும். இருவருக்கு இரண்டு குழம்பு, ஒரு காய்கறிப் பொரியல். நால்வருக்கு மூன்று குழம்பு, இரண்டு காய்கறி, கையால் கலந்து தரும் 'தோக்' ஒன்று. குழம்பு சின்னக் கிண்ணத்தில் இரண்டு மூன்று துண்டுகளோடு வரும். குறைவாகத் தெரிந்தாலும் காரமும் உப்பும் செறிந்தது, நிறையச் சோற்றை இழுக்கும். காய்கறியில் எது என்று தெரியாவிட்டால் 'சின்பாவுங் ஜோ' கேளுங்கள். நம் புளிச்சகீரையை மூங்கில் குருத்தும் இறாலும் போட்டு வதக்கியது.

குழம்பைச் சொன்னதும் மற்றவை கேட்காமலே வந்து இறங்கும்: சோறு, 'ச்சின்யே ஹின்' என்ற புளிப்பு சூப் அல்லது பருப்பு சூப், ஒரு தட்டு நிறைய வெள்ளரி, கீரை, வேகவைத்த காய்கள், நடுவில் ஒரு கிண்ணத்தில் 'ங்கப்பி' என்ற மீன் துவையல், சில கடைகளில் பொரித்த உலர் இறால் தூவலான 'பலச்சாவுங்'. இவற்றுக்குத் தனி விலை கிடையாது. சோறும் சூப்பும் மறுபடி கேட்டால் ஊற்றுவார்கள். ('தாட் பே பா' என்றால் இன்னும் கொடுங்கள், 'தோ பா பி' என்றால் போதும்.) தேநீர்க் கடைகளில் வழக்கம் வேறு. அங்கே கேட்காமல் மேசையில் வைக்கும் பலகாரத் தட்டில் எத்தனை எடுத்தீர்களோ அத்தனைக்கும் காசு.

மேசையில் இருக்கும் குடுவையில் 'யேநுவே ஜான்', பால் சர்க்கரை இல்லாத இளம் பச்சைத் தேநீர், இலவசம். முதல் ஊற்றலைக் கோப்பையைக் கழுவிக் கொட்டப் பயன்படுத்துவது அங்குள்ளவர்களின் பழக்கம். எண்ணெய்ச் சாப்பாட்டுக்கு நடுவே இதைக் குடிப்பது குளிர்பானத்தைவிட நூறு மடங்கு பொருத்தம்.

சாப்பிடும் முறை

வலது கையால் பிசைந்து சாப்பிடலாம். இல்லையென்றால் வலக்கையில் கரண்டி, இடக்கையில் முள்கரண்டி. முள்கரண்டி சோற்றைக் கரண்டிக்குத் தள்ளுவதற்கு மட்டுமே. பெரியவர்கள் கூட இருந்தால் முதல் துண்டை அவர்கள் தட்டில் வைத்த பிறகே தொடங்குங்கள்.

சாம்பார் போலக் குழம்பைச் சோற்றின் மேல் மொத்தமாக ஊற்றாதீர்கள். எண்ணெய் முழுவதும் சோற்றில் இறங்கிவிடும், பிறகு எதைச் சேர்த்தும் மீட்க முடியாது. கரண்டியை எண்ணெய் ஏட்டுக்கு அடியில் விட்டு, ஒரு துண்டும் அடிமசாலாவும் மட்டும் எடுத்துச் சோற்றின் ஓரத்தில் வையுங்கள். அந்த ஓரத்தை மட்டும் பிசைந்து இரண்டு வாய். பிறகு ஒரு வெள்ளரித் துண்டையோ கீரையையோ ங்கப்பியில் தொட்டு ஒரு கடி. பிறகு ஒரு வாய் சூப். கொழுப்பைப் புளிப்பு அறுக்கும், உப்பைப் பச்சைக்காய் தணிக்கும், நாக்கு அடுத்த வாய்க்குத் தயாராகும். கிண்ணத்தில் எண்ணெய் மிஞ்சினால் அப்படியே விடலாம்; யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

காய்த்தட்டுக்குப் பெயர் 'தொசயா'. சொல்லுக்கே தொட்டுக்கொள்வது என்றுதான் பொருள். பச்சைக் கீரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் வேகவைத்தவற்றை மட்டும் எடுங்கள். ங்கப்பி என்பது மீனையோ இறாலையோ உப்பிட்டுப் புளிக்கவைத்த விழுது. கருவாட்டுக்குப் பழகிய மூக்குக்கு அந்த வாடை பெரிய தடையல்ல. முதல்முறை ஒரு மிளகளவு தொட்டால் போதும். கிண்ணம் நிறைய எடுத்துச் சோற்றில் பிசைந்தால் உப்பு தாங்காது.

சைவமும் ஒவ்வாமையும்

சைவத்துக்கு 'தெத் தத் லுத்' என்று சொல்ல வேண்டும். ஆனால் அதோடு நிறுத்தினால் பல கடைகளில் இறைச்சித் துண்டு இல்லாத தட்டு வருமே தவிர, மீன் சாறோ இறால் தூளோ உள்ளே இருக்கும். சமைப்பவருக்கு அவை உப்பு போலச் சுவையூட்டி, அசைவமாகத் தோன்றாது. ஆகவே பெயர் சொல்லி மறுக்க வேண்டும்: ங்கப்பி, 'ங்கான்-ப்யா-யே' என்ற மீன் சாறு, 'பஸூன் ச்சாவ்' என்ற உலர் இறால். ஒவ்வொன்றோடும் 'ம டே பா நே', போடாதீர்கள் என்று சேருங்கள். காலையிலேயே சமைத்த சட்டியிலிருந்து எதையும் நீக்க முடியாது. அப்போதே கலந்து தரும் தோக் வகைகளே பாதுகாப்பு. கடலைமாவில் செய்யும் ஷான் தோஃபு, இஞ்சித் தோக், வேகவைத்த பட்டாணி சேர்த்த வறுத்த சோறு ஆகியவற்றைக் கேளுங்கள். ஜூலையில் தொடங்கி அக்டோபர் வரை நீளும் பௌத்த நோன்புக் காலத்தில் சைவம் கேட்பவர்கள் அதிகம், அப்போது கிடைப்பது எளிது.

இறால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்தக் கடைகள் ஆபத்தானவை; சூப்பில்கூட உலர் இறால் இருக்கலாம். வேர்க்கடலை ஒவ்வாமைக்கும் அப்படியே: கடலை எண்ணெயிலும் தோக்குகளிலும் 'ம்யேபே' இருக்கும். பர்மிய எழுத்தில் ஒரு சீட்டு எழுதி வாங்கிக் காட்டுவது, உச்சரிப்பை நம்புவதைவிட நல்லது.

நூடுல்ஸும் லப்பெட்டும்

சென்னையில் பர்மாவிலிருந்து வந்த தமிழர்கள் விற்கும் 'அத்தோ', பர்மிய 'அதோக்'தான். கையால் கலந்தது என்று பொருள். மொஹிங்கா காலை உணவு: கெளுத்தி மீன், வாழைத்தண்டு, எலுமிச்சைப்புல் சேர்ந்த குழம்பில் அரிசி நூடுல்ஸ். காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். முதலில் வெறும் குழம்பை ருசித்துவிட்டு, எலுமிச்சை, மிளகாய், கொத்தமல்லியைச் சேருங்கள். பருப்பு வடையைச் சாப்பிடும்போதே நொறுக்கிப் போடுங்கள். முன்கூட்டியே போட்டால் ஊறிக் கூழாகிவிடும். தேங்காய்ப்பால் சேரும் ஒன்னோ கௌஸ்வேயும் காலையிலோ முற்பகலிலோதான் நல்லது, வெயில் ஏறினால் தேங்காய்ப்பால் புளித்துவிடும்.

சாப்பாட்டின் முடிவில் சில கடைகளில் பனைவெல்லக் கட்டியும், புளிக்கவைத்த தேயிலையான லப்பெட்டும் வைப்பார்கள். 'பழத்தில் மாம்பழம், இறைச்சியில் பன்றி, இலையில் லப்பெட்' என்பது அவர்கள் பழமொழி. தேயிலை, வறுத்த பூண்டு, வேர்க்கடலை, எள் தனித்தனியாக வந்தால் மூன்று விரலால் ஒவ்வொன்றிலும் துளி எடுத்துச் சேர்த்து வாயில் போடுங்கள். இலையையே தின்பதால் காபி போலத் தூக்கத்தை விரட்டும். இரவில் அளவோடு நிறுத்துங்கள்.

எழும்போது 'ஷின் மே' என்றால் கணக்கு முடிக்கிறேன் என்று பொருள். பணத்தை வலக்கையால் நீட்டி, இடக்கையை வலது முழங்கையில் லேசாகத் தொட்டுக் கொடுங்கள். அந்நாட்டுப் பணமான கியாட்டைச் சின்ன நோட்டாக வைத்திருப்பது நல்லது. டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை, சில்லறையை விட்டுவந்தால் போதும். ஏப்ரல் நடுவில் திஞ்சான் புத்தாண்டு நாட்களில் இத்தகைய கடைகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும். அந்த வாரம் பயணம் என்றால் தங்கும் இடத்திலேயே சாப்பாட்டுக்குச் சொல்லிவைத்துக்கொள்ளுங்கள்.