பைதானில் டெசிமலுக்கு எண்ணை மேற்கோளுக்குள் கொடுங்கள்

பைதான் நிரல்மொழியில் பணக் கணக்கு எழுதும்போது, தசம எண்களைத் துல்லியமாக வைத்துக்கொள்ளும் டெசிமல் (Decimal) வகையை டெசிமல்(2.675) என்று எழுதாதீர்கள், மேற்கோள் குறி போட்டு டெசிமல்('2.675') என்று ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்துச் சரமாக, கொடுங்கள். மேற்கோள் இல்லாவிட்டால் அந்த எண் முதலில் ஃப்ளோட் (பைதானின் வழக்கமான தசம எண் வகை) ஆகிவிடும், ஃப்ளோட் இரும முறையில் (0, 1 மட்டும் வைத்து) சேமிப்பதால் 2.675 அதில் துல்லியமாக அடங்காமல் 2.67499999... என்றுதான் உட்காரும், டெசிமல் அந்தப் பிழையையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளும். அப்புறம் டெசிமலை முழுமையாக்கும் குவான்டைஸ் (quantize) கட்டளையைப் போட்டு இரண்டு தசமத்துக்குச் சுருக்கினால் 2.68 வர வேண்டிய இடத்தில் 2.67 வரும். ஒரு பைசாதான், ஆனால் நீளமான பில்லில் அது எங்கே போனது என்று தேடுவது பெரிய வேதனை.

கையில் ஏற்கெனவே ஃப்ளோட்தான் இருக்கிறது என்றால் அதை ஸ்ட்ரிங்காக மாற்றிவிட்டு டெசிமலுக்குக் கொடுங்கள். ஆனால் அந்த ஃப்ளோட்டிலேயே கூட்டல் பெருக்கல் நடந்து முடிந்திருந்தால் இதுவும் காப்பாற்றாது, 0.1 + 0.2 ஸ்ட்ரிங்காக மாறினாலும் 0.30000000000000004 தான். முழு எண்களுக்கு மேற்கோள் தேவையில்லை, டெசிமல்(3) சரியாகவே வரும். சென்சார் அளவீடு, வரைபடம் மாதிரி வேலைகளுக்கு ஃப்ளோட்டே போதும், வேகமும் அதிகம்.