கனமான பிளாஸ்டிக் எல்லாம் உறுதியானதல்ல: பில்லரிலும் வார்ப்பிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவிரி டெல்டாவில் குறுவைக்கு ஃபில்டர் பாயிண்ட் மோட்டாரைச் சீர்செய்யும் பருவத்தில், பிவிசி குழாயும் எல்போவும் வாங்க வருவோர் இரண்டு கம்பெனிச் சரக்கைத் தூக்கிப் பார்த்து, கனமானதையே எடுத்துக்கொள்வது வழக்கம். சுவரின் தடிமன் வேறுபட்டால் அந்தக் கணிப்பு ஓரளவு சரி. அளவும் தடிமனும் ஒன்றாக இருந்தும் ஒன்று மட்டும் கனக்கிறது என்றால், அந்தக் கூடுதல் எடை பெரும்பாலும் சுண்ணாம்புத் தூளின் எடைதான். பிவிசியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.4 கிராம், பில்லராக, அதாவது நிரப்புத் தூளாகச் சேர்க்கப்படும் கால்சியம் கார்பனேட் என்ற அந்தச் சுண்ணாம்புத் தூளுக்கு அது 2.7 கிராம்.

இதனால் பில்லர் என்றாலே கலப்படம் என்று முடிவு கட்டுவதும் தவறு. நுண்ணியதாக அரைத்து, ஸ்டியரிக் அமிலப் பூச்சுக் கொடுத்து, அளவோடு சீராகக் கலந்த தூள் பிளாஸ்டிக்கின் விறைப்பைக் கூட்டுகிறது; வார்த்த பொருள் ஆறும்போது சுருங்குவதைக் குறைக்கிறது. ஆனால் விறைப்பு வேறு, உறுதி வேறு. அளவு மிஞ்சினால் இழுவலிமை குறைவதோடு, முறிவதற்கு முன் நீண்டு கொடுக்கும் தன்மையும் போய்விடுகிறது. சரியாகக் கலவாமல் கட்டிபட்ட துகள்கள் விரிசல் தொடங்கும் இடங்களாகின்றன. கையால் வளைத்துப் பார்க்கும்போது அசையாமல் நிற்கும் நாற்காலிக் கால், ஆள் சாய்ந்து உட்காரும்போது திடீரென ஒடிவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

நாற்காலி வார்க்கும் பாலிபுரொப்பிலீனில் இதை அறிய எளிய வழி உண்டு. அதன் அடர்த்தி 0.9 அளவே என்பதால் உடைந்த நாற்காலியின் துண்டு தண்ணீரில் மிதக்க வேண்டும். எடையில் ஏறத்தாழ 15 விழுக்காடு சுண்ணாம்புத் தூள் சேர்ந்தால் அது மூழ்கிவிடும். மிதக்கிறது என்பதற்காக அதைப் புதுச் சரக்கு என்று நம்பிவிடவும் கூடாது, ஏனெனில் பழைய பிளாஸ்டிக்கை அரைத்து வார்த்ததும் மிதக்கும்.

உறுதியையே கூட்டும் சேர்மானங்களும் உள்ளன. நைலானில் 30 விழுக்காடு கண்ணாடி இழை சேர்த்தால் இழுவலிமை ஏறத்தாழ இரு மடங்காகிறது. அந்த இழைகள் நீளமாக இருக்கும்வரைதான் அந்தப் பலன். கழிவை மீண்டும் மீண்டும் அரைத்துச் சேர்த்தால் அவை நொறுங்கி, வெறும் தூளுக்குச் சமமாகிவிடும். தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்து அரிசி ஆலைகளின் உமியைப் பாலிபுரொப்பிலீனில் சேர்க்க எண்ணுவோர், இரண்டும் தாமாகவே ஒட்டிக்கொள்ளும் என்று கருதிவிடக் கூடாது. உமி நீரை ஈர்க்கும், பிளாஸ்டிக்கில் நீர் ஒட்டாது. மாலிக் அன்ஹைட்ரைடு என்ற வேதிப்பொருளை இணைத்த பாலிபுரொப்பிலீனைச் சிறிதளவு சேர்த்தால்தான் இரண்டுக்கும் பிடிப்பு உண்டாகும். வெப்பமும் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தாண்டினால் உமி கருகத் தொடங்கும்.

கலவை எவ்வளவு நல்லதாயினும் வார்ப்பில் பிழை நேர்ந்தால் பொருள் அந்தப் பிழையின் இடத்திலேயே உடையும். இதில் அதிகம் கவனிக்கப்படாதது வெல்டு லைன் எனும் இணைப்புக் கோடு. எல்போவோ கப்ளிங்கோ வார்க்கும்போது, உருகிய பிளாஸ்டிக் அச்சின் நடுத்தண்டின் இருபுறமும் பிரிந்து ஓடி, மறுபக்கத்தில் மீண்டும் சந்திக்கிறது. சந்திக்கும் இரு முனைகளும் அதற்குள் சற்று ஆறியிருக்கும். இடையில் காற்றும் சிக்கியிருக்கும். ஆகவே அங்கே முழுமையான இணைப்பு ஏற்படாது. கண்ணாடி இழை கலந்த பொருளில் நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் இழைகள் கோட்டைக் கடந்து பிணைக்காமல் அதன் போக்கிலேயே படுத்துவிடுகின்றன. அங்கு வலிமை பாதிக்கும் கீழே போவதும் உண்டு. மரையுள்ள கப்ளிங்கைப் பைப் ரெஞ்சால் மிகையாக முறுக்கும்போது நெடுக ஒரே நேர்க்கோட்டில் பிளந்தால், முதலில் ஐயப்பட வேண்டியது இந்தக் கோட்டைத்தான். கூடுதல் பில்லரோ கூடுதல் இழையோ இதற்குத் தீர்வாகாது. அச்சின் வெப்பத்தை உயர்த்துவது, காற்று வெளியேற வழி செய்வது, முடிந்தால் உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழையும் வாயிலான 'கேட்'டின் இடத்தை மாற்றிப் பாரம் விழாத பக்கத்துக்குக் கோட்டைத் தள்ளுவது ஆகியவையே வழிகள்.

உடைந்த இடத்தில் சுவரைத் தடிப்பாக்குவதும் பலர் செய்யும் தவறு. தடித்த பகுதி வெளியே முதலில் உறைந்து, உள்ளே சுருங்க இடமின்றி வெற்றிடமாகிறது, அல்லது மேற்பரப்பில் குழி விழுகிறது. தடிமனைச் சீராக வைத்து, விலா எலும்பு போன்ற மெல்லிய தாங்கு வரிகளைக் கொடுப்பதே நல்லது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரப்பதத்தையும் கவனிக்க வேண்டும். ஈரமான நைலான் குருணையை அப்படியே ஹாப்பரில் (இயந்திரத்துக்குக் குருணை ஊட்டும் தொட்டியில்) கொட்டினால், உருகும் வெப்பத்தில் அந்த நீர், நைலானின் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துவிடும். மேற்பரப்பில் வெள்ளிக் கோடுகள் தெரியாமலும் இந்தச் சேதம் நேரலாம். சாதாரண வெப்பக் காற்று உலர்த்தி அதே ஈரக் காற்றைத்தான் இழுக்கிறது என்பதால், அந்த மாதங்களில் ஈரம் நீக்கும் உலர்த்தி தேவைப்படும். அதே நைலான் வார்த்த பின் காற்றிலிருந்து சிறிது ஈரத்தை ஏற்றால்தான் அடி தாங்கும் தன்மையைப் பெறுகிறது. எனவே அச்சிலிருந்து எடுத்த சூட்டோடு சம்மட்டியால் அடித்துச் சோதித்து, உடைந்ததைக் கொண்டு அந்த லாட்டையே ஒதுக்குவது சரியான சோதனை ஆகாது.