மலையில பட்டா கேக்குற சனத்துக்கு நம்ம யூனியன் எப்படி தோள் குடுக்கணும்

அம்பத்தூர்ல இருந்து நாங்க நாலஞ்சு பேர் ஜவ்வாது மலைக்கு போய்ட்டு வர ஆரம்பிச்சதுல இருந்து மத்த கம்பெனி தோழர்களும் நாங்க என்ன பண்ணட்டும்னு கேக்குறாங்க, அதான் தெரிஞ்சத எழுதுறேன்.

மொதல்ல நம்ம கொடிய மடிச்சு பையில வைங்க. அங்க ஏற்கனவே மலைவாழ் மக்களோட சங்கம் இருக்கும், காட்டு நில மனுக்கள பாக்குறதுக்கு கிராம சபை போட்ட வன உரிமைக் குழு இருக்கும், அவங்க கூப்பிட்டா போங்க. நிலத்த பத்தி முடிவு எடுக்க வேண்டியது அவங்க கிராம சபை. 2013ல ஒடிசா நியமகிரில சுப்ரீம் கோர்ட் சொல்லி 12 ஊர்ல கிராம சபை கூடுச்சு, பன்னெண்டு ஊரும் பாக்சைட் சுரங்கம் வேணாம்னுச்சு, மலை தப்பிச்சது அதனால தான்.

அடுத்து 2006 வன உரிமைச் சட்டத்த உக்காந்து படிங்க. 13-12-2005க்கு முன்னாடியே அந்த நிலத்துல இருந்து பாடுபடுற பழங்குடி குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரைக்கும் உரிமை உண்டு, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேர்லயும் எழுதணும். தனி நிலத்துக்கு ஃபார்ம் ஏ, மேய்ச்சல் தேன் கடுக்கா மாதிரி ஊர் உரிமைக்கு பி, ஊர் காலங்காலமா காப்பாத்துற காட்டுக்கு சி. எல்லாரும் ஏ-வ எழுதிட்டு நிறுத்திடுறாங்க, என்னக் கேட்டா சி தான் பெருசு, காடு கைய விட்டு போச்சுன்னா ரெண்டு ஏக்கர வச்சு அந்த சனம் எப்படி பொழைக்கும்.

ஆதாரம் ரெண்டு வேணும். கிஸ்தி ரசீது இல்லன்னு பயப்பட வேணாம், ஊர்ப் பெரியவங்க வாக்குமூலம், பழைய வரப்பு, கெணறு, சுடுகாடு எல்லாமே ஆதாரம் தான். ஒரு பாட்டி எங்க கைய புடிச்சு இழுத்துட்டு போய் அவங்க மாமனார் அடுக்குன கல்லு வரப்ப காமிச்சாங்க, பாசி புடிச்சு பாதி மண்ணுக்குள்ள போயிருந்துச்சு, கூட வந்த டர்னர் தோழர் டேப் புடிச்சு அளந்தாரு, இன்னொருத்தர் போட்டோ எடுத்தாரு, பாட்டி சொன்னத வார்த்தை மாறாம எழுதி படிச்சு காட்டி ரேகை வாங்கினோம். நம்ம வேலை இவ்ளோ தான் தோழர், ஆனா இத செய்ய அங்க ஆளு இல்ல.

நமக்கு கை வந்த விஷயம் ஒண்ணு இருக்கு, பேப்பர். ஸ்ட்ரைக் நோட்டீஸ் குடுத்தா அக்னாலெட்ஜ்மெண்ட் சீல் இல்லாம நகருவோமா? ஒரு ஆபீஸ்ல மனுவ வாங்கி வச்சுட்டு போங்க பாத்துக்கறோம்னாங்க, ரெண்டு மணி நேரம் பெஞ்ச்லயே உக்காந்தோம், சீல் வந்துச்சு. மனுவ தள்ளுபடி பண்ணா காரணத்தோட எழுத்துல தரணும், 60 நாளுக்குள்ள மேல் கமிட்டிக்கு முறையீடு பண்ணலாம், வாயால சொல்றத ஏத்துக்காதீங்க. மனு மேல விசாரணை முடியாம யாரையும் காலி பண்ண வைக்க முடியாது, இத ஊர்ல ஒவ்வொருத்தருக்கும் சொல்லிட்டு வாங்க.

மே 1 நமக்கு ஊர்வலம், அங்க பஞ்சாயத்து கிராம சபை நாள். ஆனா வன உரிமைக்கு அந்தந்த குக்கிராமத்துலயே தனியா சபை கூட்டணும், பாதி பேராவது வரணும், இல்லன்னா தீர்மானம் செல்லாது.

மலை வரைக்கும் போக முடியலன்னா செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம் ஏரிக்கரை புறம்போக்குல இருக்குற இருளர் குடும்பங்கள பாருங்க, அவங்களுக்கு வேண்டியது வேற, எஸ்டி சாதி சான்றிதழும் வீட்டுமனைப் பட்டாவும். சான்றிதழ் ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்) கையில, அதுக்கு ஒருத்தர் லீவு போட்டு கூட நிக்கணும்.

செலவுக்கு யூனியன் பொது நிதிய தொடாதீங்க, அத எதுக்கு செலவு பண்ணலாம்னு சட்டத்துல வரையறை இருக்கு, கேட் மீட்டிங்ல தனி உண்டியல் வச்சு தனி கணக்கு எழுதுங்க.

அப்புறம், ஒரு தடவ போய் போட்டோ போட்டுட்டு விடுறதா இருந்தா போகவே வேணாம். தர்மபுரி மாவட்டம் வாச்சாத்திங்கற மலைவாழ் மக்கள் ஊர்ல 1992 ஜூன் 20ல வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆளுங்க பூந்து பொண்ணுங்கள சீரழிச்ச கொடுமைக்கு 2011ல தான் 215 பேருக்கு தண்டனை கெடச்சுச்சு, ஐகோர்ட் அத உறுதி பண்ணது 2023ல. அந்த பொண்ணுங்க அத்தன வருஷம் சளைக்காம நின்னாங்க, கூட மலைவாழ் மக்கள் சங்கமும் நின்னுச்சு.

சாமை அறுப்பு சமயத்துல மட்டும் போகாதீங்க, ஊர்ல யாரும் வீட்ல இருக்க மாட்டாங்க, போன் பண்ணி கேட்டுட்டு கெளம்புங்க.