பொது இடத்தில் பெஞ்சைத் தரையோடு பிடிக்க வைப்பது எப்படி?

பூங்காவிலோ நடைபாதையிலோ பெஞ்ச் போடக் கிளம்புகிறவர்கள் பெஞ்சைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். முதலில் தரையைப் பாருங்கள். எப்படிப் பொருத்துவது என்பதை அதுதான் சொல்லும்.

குறைந்தது 100 மி.மீ. கனமுள்ள நல்ல கான்கிரீட் என்றால் ஆங்கர் போல்ட் (துளைக்குள் விரிந்தோ பசையால் ஒட்டியோ பிடித்துக்கொள்ளும் போல்ட்) போதும். மண்தரை என்றால் பெஞ்சின் காலையே கான்கிரீட்டில் புதைக்க வேண்டும். பலரும் ஏமாறுவது பேவர் பிளாக்கில்தான். கல்லில் அடித்த போல்ட் அன்றைக்கு கெட்டியாகத்தான் நிற்கும். ஆனால் கல்லுக்கு அடியில் இருப்பது மணல். நாலு பேர் பிடித்து ஆட்டினால் பெஞ்சோடு கல்லும் பெயர்ந்து வரும். அந்த இடத்துக் கற்களை எடுத்து, கீழே கான்கிரீட் போட்டு, அதில் பிடியுங்கள்.

சரி, கான்கிரீட் தரை வேலைக்கு வருவோம். அடியில் மின்கம்பியோ குழாயோ போகிறதா என்று விசாரித்துவிட்டுத் தொடங்குங்கள். பெஞ்சை வைத்து, ரசமட்டம் பார்த்து, காலடித் தகட்டின் ஓட்டை வழியாகவே தரையில் குறியிடுங்கள். டேப் வைத்து அளந்து குறிப்பதைவிட இது பிசகாது. கான்கிரீட்டின் ஓரத்தை ஒட்டித் துளை வேண்டாம். ஆங்கர் விரியும்போது விளிம்பு பிளந்துவிடும்.

ஹேமர் டிரில்லால் துளை போட்டதும் உடனே போல்ட்டைக் கையில் எடுக்காதீர்கள். உள்ளே தூள் இருக்கிறது. ஊதுங்கள், பிரஷ் விட்டுத் தேயுங்கள், மறுபடி ஊதுங்கள். துளையில் பசை விட்டுக் கம்பியை ஒட்டும் கெமிக்கல் ஆங்கர் என்றால் இதில் சோம்பலே கூடாது. நான் ஒருமுறை அவசரத்தில் விட்டுவிட்டேன். சில வாரத்தில் கம்பி கையோடு வந்தது, சுற்றிலும் மாவு பூசியதுபோல வெள்ளைத்தூள். பசை கான்கிரீட்டைப் பிடிக்கவே இல்லை, தூளைப் பிடித்திருந்தது. பசைக் குழாயை அழுத்தியதும் முதலில் வருவதைத் தள்ளிவிடுங்கள். குழாயில் இருக்கும் இரண்டு பசையும் ஒரே நிறமாகக் கலந்து வந்த பிறகு துளைக்குள் விடுங்கள். கம்பியைத் திருகிக்கொண்டே இறக்கி, இறுகும்வரை தொடாதீர்கள். குளிரில் இன்னும் நேரம் எடுக்கும்.

நட்டுகளை முதலில் கையால், அப்புறம் ஸ்பேனரால், மூலைக்கு மூலை மாற்றி முறுக்குங்கள். திருட்டுக்குப் பயந்தால் தலை முறியும் நட்டு வாங்குங்கள். போதிய அளவு இறுகியதும் மேல்பகுதி ஒடிந்து விழும். மிஞ்சுகிற வழுக்கலான கூம்பை ஸ்பேனர் பிடிக்காது. பிறகு உங்களாலும் எளிதில் கழற்ற முடியாது என்பதால் மட்டத்தை இன்னொரு முறை பாருங்கள். கடலோரம் என்றால் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டாம், உப்புக்காற்றை இன்னும் நன்றாகத் தாங்கும் 316 ரகம் போடுங்கள்.

மண்ணில் புதைப்பதற்குக் குழியின் அளவு பெஞ்சோடு வரும் தாளில் இருக்கும். அடியில் கொஞ்சம் ஜல்லி, முட்டுக் கொடுத்து நிறுத்திய கால், பிறகு கலவை. காலைச் சுற்றித் தண்ணீர் தேங்காதபடி மேற்பரப்பை வாட்டமாகத் தேய்த்துவிடுங்கள். இரும்பு துருப்பிடிப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். கான்கிரீட்டின் பலத்தைக் கணக்கிடுவது 28 நாளுக்கு என்றாலும், ஒரு வாரமாவது யாரும் உட்காரக் கூடாது. 'உட்காராதீர்' என்று எழுதி வைத்தால் அதன் மேலேயே உட்காருவார்கள். இருக்கைக்குக் குறுக்கே பலகையைச் சாய்த்துக் கட்டிவிடுங்கள்.