ஆய்வை முன்வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் பேச்சுப் போட்டிப் பக்கமே போகாமல் பாடசாலையை முடித்த பிள்ளைகள் குறைவு. தமிழ்மொழித் தினப் போட்டிக்கு ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை வரி பிசகாமல் பாடமாக்கி, கையை உயர்த்தி, குரலை ஏற்றி இறக்கிப் பழகியவர்கள்தாம் பின்னாளில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழக மண்டபத்தில் ஆய்வை முன்வைக்க எழுந்து நிற்கிறார்கள். பழைய பழக்கமும் கூடவே எழுந்து நிற்கிறது. நான் காணும் தவறுகளில் பாதி அங்கிருந்து வருபவை.

முதலில் விளிப்பு. "பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே" என்று தொடங்கி, பீடாதிபதி, துறைத்தலைவர், விரிவுரையாளர்கள், சக மாணவர்கள் என்று வரிசையாக வணங்கி முடிப்பதற்குள் கிடைத்த பத்து நிமிடத்தில் ஒன்று கரைந்துவிடும். ஒரே வணக்கம் போதும். யாரும் கோபிக்கமாட்டார்கள்.

பாடமாக்குவது அதைவிட ஆபத்து. ஒரு வரி தவறினால் அடுத்த வரி வராது. கண் கூரையைத் தேடத் தொடங்கும். தொடக்க வசனங்களையும் முடிவு வசனத்தையும் மட்டும் மனதில் பதிய வையுங்கள். நடுப்பகுதிக்கு ஒரு சிறிய அட்டையில் குறிப்புகள் இருந்தால் போதும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, கண்டுபிடித்ததைக் கடைசிவரை ஒளித்து வைப்பது. யாழ் குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் கிணற்று நீரை ஆராய்ந்த மாணவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை, நிலத்தடியில் சுண்ணாம்புக்கல், தோட்டத்தில் போடும் உரத்திலிருந்து வரும் நைத்திரேற்று நீரோடு கீழிறங்குகிறது என்று சபைக்கு ஏற்கெனவே தெரிந்ததையே விளக்கிக்கொண்டிருப்பார். முடிவுக்கு வரும்போது மணி அடித்துவிடும். பிறகென்ன, "நேரம் போதாமையால்" என்றபடி படங்களை ஓட்டித் தள்ள வேண்டியதுதான். அவர் இப்படித் தொடங்கியிருக்கலாம்: "குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு. நான் பார்த்த கிணறுகளில் எத்தனை அதைத் தாண்டின என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்." கைப்பேசியில் மூழ்கியிருப்பவரும் நிமிர்வார். அவர் வீட்டிலும் கிணறு இருக்கிறதே! திரையிலும் அந்த ஓர் எண்ணையே பெரிதாகக் காட்டுங்கள். அட்டவணை முழுவதும் அறிக்கையில் இருக்கட்டும்.

திரை என்றதும் பாமினி நினைவுக்கு வருகிறது. வீட்டுக் கணினியில் பாமினி எழுத்துருவில் அழகாகத் தட்டச்சுச் செய்திருப்பீர்கள். அந்த எழுத்துரு இல்லாத மண்டபக் கணினியில் திறந்தால் தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகள் இறைந்து கிடக்கும். மெய்யெழுத்தின் புள்ளியெல்லாம் அரைப்புள்ளியாகியிருக்கும். யூனிகோட்டில் தட்டச்சுச் செய்யுங்கள். பீ.டி.எப். பிரதியொன்றும் கையில் இருக்கட்டும். முடிந்தால் தொடங்குமுன் அந்தக் கணினியிலேயே ஒருமுறை திறந்து பாருங்கள்.

சபைக்கு முதுகைக் காட்டித் திரையை வாசிப்பது பற்றி விளக்கம் தேவையில்லை.

ஒத்திகையை மனதுக்குள் நடத்தாதீர்கள். வாய்விட்டுச் சொல்லும்போது நேரம் கூடும். கடிகாரத்தை முன்னால் வைத்து, வீட்டில் யாரையாவது இருத்திச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி நேரத்தைப் பட்டிமன்றமாக்குபவர்களும் உண்டு. பரீட்சகர் கேட்டதை முதலில் நீங்கள் ஒருமுறை உரக்கச் சொல்லுங்கள். மின்விசிறிச் சத்தத்தில் பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. யோசிக்க உங்களுக்கும் சிறிது அவகாசம் கிடைக்கும். விடை தெரியாவிட்டால் "அதை நான் அளக்கவில்லை" என்று சொல்லிவிடலாம். சுற்றி வளைத்தால்தான் அடுத்த கேள்வி அதைவிடக் கடினமாக வரும்.