அடி விழுந்த தேதியிலிருந்து தொடங்குங்கள்: குடும்ப வன்முறை மனு போடுவது எப்படி?

பாம்பனிலிருந்து வந்தாலும் தொண்டியிலிருந்து வந்தாலும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, விவாகரத்துக்கு எங்கே எழுதிக் கொடுக்க வேண்டும்?" பேசிப் பார்த்தால் பலருக்கு வேண்டியது விவாகரத்தே இல்லை. அடி நிற்க வேண்டும், பிள்ளைகள் கையைவிட்டுப் போகக் கூடாது, வீட்டுச் செலவுக்குப் பணம் வேண்டும். இந்த மூன்றையும் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் ஒரே மனுவில் கேட்கலாம். எந்த மதத்துப் பெண்ணுக்கும் இது பொருந்தும். நான் வழக்கறிஞர் அல்ல, மனு எழுதத் துணை நிற்பவள். புதிதாக வருபவர்களிடம் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: உயிர்

அடி விழும் நேரத்தில் 112 அல்லது 181. பெண்களுக்கான 181 இரவிலும் இயங்கும். பிள்ளைக்கு ஆபத்தென்றால் 1098. காயம் பட்டிருந்தால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே போய் "வழுக்கி விழுந்துவிட்டேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். கணவரைக் காப்பாற்றுவதாக நினைத்துப் பலர் இப்படிச் சொல்லிவிட்டுப் பிறகு என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். விபத்துப் பதிவேட்டில் மருத்துவர் எழுதும் அந்த ஒரு வரி பின்னால் பெரிய சாட்சி.

இரண்டாம் படி: ஒரு நோட்டு

இதுதான் கடினமான வேலை. "எப்போதும் அடிப்பார்" என்று எழுதினால் மனு நிற்காது. எந்த நாள், எந்த இடம், எதைக் கொண்டு அடித்தார், யார் பார்த்தார்கள் என்று எழுத வேண்டும். தேதி நினைவில்லை என்பார்கள். கடல்பாசி எடுக்கப் போகும் ஒருத்தி, "தடைக்காலம் தொடங்கிப் பத்து நாள் இருக்கும்" என்றாள். மீன்பிடித் தடைக்காலம் இங்கே ஏப்ரல் 15இல் தொடங்குகிறது. ஆகவே "ஏப்ரல் 25 வாக்கில்" என்று எழுதினோம். ஏர்வாடிச் சந்தனக்கூடு, ஓரியூர்த் திருவிழா, பிள்ளையின் பரீட்சை என்று எதை வைத்தாவது நாளைப் பிடித்துவிடலாம். தெரியாத தேதியைத் துல்லியமாக எழுதிவிடாதீர்கள். குறுக்கு விசாரணையில் அது உங்களையே திருப்பி அடிக்கும்.

கைநீட்டுவது மட்டும் வன்முறை இல்லை. கெட்ட வார்த்தை, நடத்தையைப் பற்றிய இழிபேச்சு, உங்கள் நகையைக் கேட்காமல் அடகு வைப்பது, பாசி விற்ற காசைப் பிடுங்கிக் குடிப்பது எல்லாம் இந்தச் சட்டத்தில் வன்முறைதான். எழுதுங்கள்.

நோட்டோடு ஆதார், திருமணப் பதிவு அல்லது பள்ளிவாசல், தேவாலயப் பதிவேட்டின் நகல், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, போலீஸில் புகார் கொடுத்திருந்தால் அதைப் பெற்றுக்கொண்டதற்கு அவர்கள் தரும் சி.எஸ்.ஆர். ரசீது ஆகியவற்றையும் சேர்த்து வையுங்கள்.

மூன்றாம் படி: எங்கே கொடுப்பது

இந்தச் சட்டத்தின்கீழ் உதவ நியமிக்கப்பட்ட மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் போகலாம். ராமநாதபுரத்தில் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் கேளுங்கள். இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே வழக்கறிஞர் இலவசம். மனு போய்ச் சேர வேண்டிய இடம் நீதித்துறை நடுவர் நீதிமன்றம். தொண்டியில் வாழ்க்கைப்பட்டு இப்போது மண்டபத்தில் அம்மா வீட்டில் இருக்கிறீர்களா? தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊருக்குரிய நீதிமன்றத்திலேயே போடலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுக்கும் மனு இதற்கு ஈடாகாது.

ஊர்க்கூட்டத்திலோ ஜமாத்திலோ பேசுவதை நான் தடுப்பதில்லை. பொறுப்பான பெரியவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் படித்துப் பார்க்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அங்கே பேசிவிட்டதால் நீதிமன்றம் போகும் உரிமை போய்விடாது. வளைகுடாவிலிருந்து போனில் ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக்கும் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி செல்லாது. அது குற்றமும்கூட.

நான்காம் படி: என்ன கேட்பது

அடிக்கக் கூடாது, வேலை செய்யும் இடத்துக்கு வந்து தொல்லை தரக் கூடாது என்று பாதுகாப்பு உத்தரவு கேளுங்கள். குடியிருந்த வீட்டிலேயே இருக்க உத்தரவு கேளுங்கள். வீடு உங்கள் பெயரில் இருக்க வேண்டியதில்லை. பிள்ளைகளைத் தற்காலிகமாக உங்களிடம் விடவும் இதே மனுவில் கேட்கலாம். நிரந்தரப் பொறுப்புக்குத் தனி வழக்கு வேண்டும்.

செலவுப் பணத்தில்தான் சிக்கல். கடலுக்குப் போகிறவருக்கு ஏது சம்பளச் சீட்டு? "எனக்கு வருமானமே இல்லை" என்று கூசாமல் சொல்வார். 2020இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி இருவருமே சொத்து, வருமானம் பற்றிப் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். அவருடையதில் ஓட்டை எங்கே என்று காட்ட உங்களிடம் விவரம் இருக்க வேண்டும்: படகு யார் பெயரில், அதன் பதிவு எண், வாரத்தில் எத்தனை நாள் கடல், அவருக்கு எத்தனை பங்கு, எந்த வியாபாரியிடம் மீன் போகிறது.

முதல் விசாரணை 3 நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் நீளும். ஆகவே இடைக்கால உத்தரவை முதல் நாளே கேட்கச் சொல்லுங்கள். அவசரமென்றால் கணவர் வராமலேயே நடுவர் அதைக் கொடுக்கலாம்.

உத்தரவு வந்த பிறகு

நகல் உங்களுக்கு இலவசம். காவல் நிலையத்துக்கும் ஒன்று போக வேண்டும். போய்ச் சேர்ந்ததா என்று நீங்களே நேரில் கேளுங்கள். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உப்புக் காற்றில் தாள் தாங்காது. பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒரு நகலை அம்மா வீட்டில் வைத்துவிடுங்கள்.